மரகதவல்லியின் அழுகை

உக்காரு தம்பி, நல்லா உள்ள தள்ளி உக்காரு. என் காலு அந்தப் பக்கம் மடங்காது, அவ்ளோதான். இன்னா பாக்கற, என் கையவா? எல்லாரும் பாக்கறதுதான். டிக்கெட்டு வாங்க நீட்டுனா கண்டக்டருங்க கூட ஒரு தபா நிமிந்து மூஞ்சியப் பாப்பாங்க. ஆம்பளைக்கு இன்னா இப்டி பொம்பள கைன்னு. முப்பத்தோரு வருசம் ராணி வேஷம் கட்டுன கை தம்பி இது. வேடியப்பன்னு சொன்னா ஆரணி, வந்தவாசி, தேசூர், இந்தப் பக்கம் தெரியாதவங்க இல்ல. மரகதவல்லி வேடியப்பன்னு சொன்னா பொம்பளைங்க எழுந்து நிப்பாங்க.

இப்ப கட்றது இல்ல. பத்தொம்போது வருசம் ஆச்சி. தொண்டை போச்சான்னா, போகல. அந்த வருசம் காலும் நல்லாத்தான் இருந்துச்சி. என் பொண்டாட்டி கெடுத்தா. சொன்னா சிரிப்ப. தடுக்கல, திட்டல, வேஷத்தத் தூக்கி எறியல. ஒரே ஒரு கேள்வி கேட்டா. அதோட என் தொழிலு போச்சி.

கூத்து பாத்திருக்கியா நீ? டிவியில துண்டு துண்டா பாத்திருப்ப. எங்க கூத்து ஜமாவுல பொம்பளைங்க ஆட மாட்டாங்க. ராஜாவும் ஆம்பளதான், ராணியும் ஆம்பளதான். ராஜா வேஷக்காரனுக்கு இன்னா, கிரீடம் இருக்கு, தோள்ல புஜக்கட்டை இருக்கு, கத்தி இருக்கு. நாலு சுத்து சுத்தி ஒரு அதட்டு போட்டா சபை மெரண்டுடும். ராணிக்கு இன்னா இருக்கு? ஒரு பொடவை இருக்கு, குரல் இருக்கு. அதுல நிக்கணும். ஆம்பள ஆம்பளயா நிக்கறதுல இன்னா பெரும? பொம்பளயா நின்னு பாக்கட்டும்.

எங்க வாத்தியாரு என்ன சேத்துக்கிட்டப்பவே சொல்லிட்டாரு, "டேய், மாரு கட்டறது வேஷம் இல்லடா. நடைதான் வேஷம். ஒரு பொம்பளைய நல்லா பாத்து வச்சிக்கோ"ன்னாரு. யாரப் பாக்கறது? அடுத்தவன் ஊட்டுப் பொம்பளையப் பாத்தா ஒதப்பானுங்க. அப்பதான் எனக்குக் கல்யாணம் ஆயிருந்துச்சி. அஞ்சலாட்சியப் பாத்தன். கொடத்த எறக்கிட்டு இடுப்புல ஒரு கைய வச்சி ஒரு நிமிசம் நிப்பா. கோவம் வந்தா மூஞ்சி சுண்டாது, கழுத்துதான் லேசா திரும்பும். அழுகைய அடக்கறப்ப முந்தானை முனைய நாலு வெரல்ல சுத்துவா. அத்தனையும் எடுத்துக்கிட்டன். அவளோடதுதான் எல்லாம், நான் இல்லன்னு சொல்லல. ஆனா நான் செய்யறப்ப அழகு வரும் தம்பி. அவ செய்யறப்ப அது வராது. நானே சொல்லுவன், "இன்னாடி இப்டி நடக்கற, மரகதவல்லிய பாத்துக் கத்துக்கோடி"ன்னு. தலைய குனிஞ்சிக்குவா.

நாடகக் கதை தெரியணும் உனுக்கு. மரகதவல்லின்னா ஒரு ராஜாவோட பட்டத்து ராணி. எதிரி வந்து கோட்டைய வளைச்சிக்கறான். உன் பொண்ணக் குடு, சேனைய வாபஸ் வாங்கறன்னு ஓலை அனுப்பறான். அவன் ஏற்கெனவே ரெண்டு பொண்டாட்டியக் கொன்னவன். ராஜா சரின்னுடறான். ராணி அந்தப்புரத்த வுட்டு சபைக்கே வந்துடறா. பொம்பள வரக்கூடாத எடம் அது. வந்து நின்னு கேக்கறா. "பெற்றவள் கேட்கிறேன் மன்னா, கோட்டை மதிலைக் கல்லால் கட்டினீரா, என் கண்மணியின் எலும்பால் கட்டினீரா?" ராஜா, "இது சபை. பெண்ணே, வாயை மூடு"ன்னுடறான். அவ்ளோதான் பதில். பொண்ணப் பல்லக்குல அனுப்பறாங்க. மூணாம் நாளு அதே பல்லக்கு திரும்பி வருது, தெரை மூடி. விடியக்காலம் நாலு மணிக்கு அந்தப் பல்லக்க வச்சிக்கிட்டு ராணி அழுவா. அந்த அழுகைதான் நாடகமே. அப்பறம் கோட்டையும் போவும், ராஜாவும் போவான். அத யாரும் உக்காந்து பாக்கறது இல்ல, பாய சுருட்டிக்குவாங்க.

நான் அழுதா சபையில ஒரு கண்ணு காய்ஞ்சி இருக்காது. ஆட்டம் முடிஞ்சதும் கெழவிங்க வந்து என் கன்னத்த வழிச்சி நெட்டி முறிச்சிட்டுப் போவாங்க. ஒரு ஊர்ல ஒரு பொம்பள என் கையப் புடிச்சிக்கிட்டு, "என் மனசுல இருக்கறது உனுக்கு எப்டி தாயி தெரிஞ்சிது"ன்னு கேட்டா. தாயின்னா தம்பி! நான் மீசைய செரைச்ச ஆம்பள.

ஊட்லதான் ஒத்திகை பாப்பன். எதிர்ல நின்னு ராஜா வசனம் சொல்ல ஆள் வேணுமே. அஞ்சலாட்சியதான் நிக்க வைப்பன். ஏட்டுல படிக்கத் தெரியாது அவளுக்கு, கேட்டுக் கேட்டே மனப்பாடம். நான் ராணியா நின்னு கேப்பன், அவ ராஜாவா நின்னு "வாயை மூடு"ன்னு சொல்லணும். சொல்ல வராது. வாய்க்குள்ளியே முணுமுணுப்பா. "சத்தமா சொல்லுடி, நீ ராஜாடி"ன்னு அதட்டுவன். எங்க பொண்ணு கோமளா கதவோரம் உக்காந்துக்கிட்டு சிரிக்கும். ஒரே பொண்ணு. கலகலன்னு சிரிக்கும்.

அப்பறம் முனிரத்தினம் வந்தான் ஜமாவுக்கு. அடடா, அவன மாதிரி ஒரு ராஜாவ நான் பாத்ததில்ல. ஆள் ஒசரம், நெஞ்சு இவ்ளோ அகலம். அவன் தெரைய வெலக்கிட்டு ஒரு அடி வச்சா மொத வரிசையில கொழந்தைங்க அழும். அவன் அதட்டறதுனாலதான் என் அழுகை எடுபட்டுது, அத ஒத்துக்கறன். ராஜா கல்லா நின்னாதான ராணி மோதி உடைய முடியும்? ரெண்டு வருசத்துல எங்க ஜமாவுக்கு நாள் குடுக்க முடியாத அளவுக்கு ஊருங்க வந்து நின்னுது. அப்ப பக்கத்து ஜமாக்காரன் அவன இழுக்கப் பாத்தான். போயிடுவானோன்னு எனக்குத் தூக்கம் இல்ல. வாத்தியாருக்கு ஒடம்பு முடியாம ஜமா என் கைக்கு வந்திருந்த நேரம். யோசன பண்ணன். கோமளாவ அவனுக்குக் குடுத்துட்டன்.

இதுல இன்னா தப்பு, நீயே சொல்லு. நம்ம சாதிதான், சொந்தமா கொஞ்சம் நெலம் இருக்கு, தொழில் தெரிஞ்ச பையன். அஞ்சலாட்சி ஒண்ணு சொன்னா, "அவரு கண்ணு வேஷம் கலைச்சப்பறமும் அப்டியேதாங்க இருக்கு"ன்னா. பொம்பள பேச்சி. பயம். ராஜா வேஷக்காரன் கண்ணு பின்ன எப்டி இருக்கும்?

கல்யாணம் ஆயி ஒண்ற வருசம். பங்குனி கடேசி. சித்தர மொதல் ஆடி வரைக்கும் எங்களுக்கு ஓயாத சீசன், ஊர் ஊரா ஆட்டத்துக்கு முன்பணத் தாம்பூலம் வாங்கி முடிச்சாச்சி. ஒரு நாளு மத்தியானம் கோமளா வந்து வாசல்ல நிக்குது. கையில ஒண்ணியும் இல்ல. ஒதடு வீங்கி இருக்கு. இந்தப் பக்கம் காதுகிட்ட கன்னிப் போயிருக்கு.

"இன்னா ஆச்சிம்மா"ன்னன்.

"கொழம்பு ஆறிப் போச்சாம்பா"ன்னுது.

நானும் மனுசன்தான் தம்பி, எனக்கும் வயிறு எரிஞ்சிது. ஆனா யோசிக்கணுமில்ல? மறாநாளு மொத ஆட்டம். ராஜா இல்லாம ஆட்டம் ஏது? பொண்ண ஊட்ல வச்சிக்கிட்டா அவன் ஜமாவ வுட்டுப் போவான். அப்டியே பக்கத்து ஜமாவுக்குப் போயிடுவான். பதினாலு குடும்பம் சோறு துன்ற ஜமா அது. "அம்மா, ஆம்பள கை ஓங்கறது ஒலகத்துல இல்லாததா? ரெண்டு நாள்ல சரியாப் பூடும். பொறுமையா இருந்தாதான் பொம்பள"ன்னு சொல்லி, சட்டைய மாட்டிக்கிட்டு, அத அவன் ஊட்ல கொண்டு வுட கையப் புடிச்சன்.

அப்ப அஞ்சலாட்சி வந்து வாசப்படியில நின்னுக்கிட்டா. ரெண்டு கையையும் நெலையில வச்சிக்கிட்டா. கழுத்து லேசா திரும்பி இருக்கு. என்னப் பாத்து சொல்றா, "பெற்றவள் கேட்கிறேன் மன்னா. கோட்டை மதிலைக் கல்லால் கட்டினீரா, என் கண்மணியின் எலும்பால் கட்டினீரா?"

முழு வசனமும் தம்பி. ஒரு எழுத்து பெசகல. ஆனா அவ "எலும்பால்"ங்கற எடத்துல குரல ஏத்திட்டா. தொண்டை கிழிஞ்சி கத்திட்டா. அது தப்பு. அங்க எறக்கணும். நான் அவகிட்ட சொன்னன், "அங்க ஏத்தக் கூடாதுடி, எறக்கணும். கத்துனா சபைக்குக் கேக்கும், உள்ள போவாது"ன்னன். வாயில தானா வந்துடுச்சி. தொழில்காரன் வாயி.

அவ என்னையே பாத்தா. அப்பறம் நெலையில இருந்து ஒரு கைய எடுத்தா, இன்னொரு கையையும் எடுத்தா. ஒதுங்கி வழி வுட்டுட்டா.

நாங்க பஸ்சு ஏறனோம். இதே மாதிரி ஜன்னலோர சீட்டு. எறங்கறதுக்குக் கொஞ்சம் முன்னால கோமளா, "அப்பா, ஒண்ணு கேக்கட்டா"ன்னுது. "கேளும்மா"ன்னன். "மரகதவல்லி ஒவ்வொரு ராத்திரியும் கேக்கறா. ஒரு ராத்திரி கூட அவளுக்குப் பதில் வர்றது இல்ல. அப்பறம் ஏன்பா திரும்பத் திரும்பக் கேக்கறா?"

"அது நாடகம்மா"ன்னன்.

"ஆமா"ன்னுது.

சித்தர பத்தொம்போது, பொழுது சாயற நேரம், கோமளாவக் கெணத்துல இருந்து எடுத்தாங்க. தண்ணி எடுக்கப் போன எடத்துல காலு வழுக்கிடுச்சின்னு முனிரத்தினம் சொன்னான். அந்தக் கெணத்துக்குப் படி உண்டு, இறங்க நல்ல படி. கொடம் ஊட்லியே இருந்துச்சி. அதெல்லாம் நான் பாத்தன். பாக்காம இல்ல.

கல்யாணம் ஆயி ஏழு வருசத்துக்குள்ள செத்தா பெரிய ஆபீசர் வந்து வெசாரிக்கணுமாம். வந்தாரு. நல்ல மனுசன், என்ன நாற்காலி போட்டு உக்கார வச்சாரு. "பெரியவரே, பயப்படாம சொல்லுங்க. உங்க பொண்ணுக்குப் புருசன் ஊட்ல ஏதாவது கொடும உண்டா?"ன்னு கேட்டாரு. ரெண்டு தபா கேட்டாரு. ஜன்னலுக்கு அந்தாண்ட முனிரத்தினம் நிக்கறான். தலைய தொங்கப் போட்டுக்கிட்டு, சின்னப் புள்ள மாதிரி நிக்கறான். போன உசுரு போயிடுச்சி. இவனையும் உள்ள தள்ளிட்டா யாருக்கு இன்னா லாபம்? "அதுக்கு அப்பப்ப மயக்கம் வரும் சார்"ன்னன். பொய்தான். அஞ்சலாட்சிகிட்ட திரும்புனாரு, "நீங்க சொல்லுங்கம்மா"ன்னாரு. அவ என்னப் பாத்தா. முந்தானை முனைய வெரல்ல சுத்திக்கிட்டே இருக்கா. "அவளுக்கு ஒண்ணியும் தெரியாது சார், வெளி ஒலகம் தெரியாத பொம்பள"ன்னு நான் சொல்லிட்டன். அவரு எழுதிக்கிட்டாரு. அவ கைநாட்டு வச்சா.

பதினாறாம் நாளு காரியத்துக்கு முன்னாலியே எங்க ஊரு அம்மன் திருநாளு. ஆட்டம் நம்ம ஜமாதான், மரகதவல்லிதான் வேணும்னு ஆறு மாசம் முன்னாலியே கேட்டுட்டாங்க. தீட்டு, வேணாம்னு சில பேரு சொன்னாங்க. ஊரு பெரியவங்க, "வேடியப்பன் ஆடுனா ஆடட்டும், அவனுக்கும் மனசு ஆறும்"னாங்க. நான் அரிதாரம் பூசிக்கிட்டன். அவனும் கிரீடம் வச்சிக்கிட்டான்.

அன்னிக்கு அழுதன் பாரு தம்பி. இந்த முப்பத்தோரு வருசத்துல அந்த மாதிரி அழுததில்ல. பல்லக்கு வந்துச்சி. தெரைய வெலக்கனன். உள்ள வழக்கம்போல தலகாணிக்குப் பொடவ சுத்தி வச்சிருந்தானுங்க. அதத் தூக்கி மடியில போட்டன். பின்பாட்டுக்காரனுங்க பாட மறந்துட்டானுங்க. மத்தளக்காரன் கைய எடுத்துட்டான். பொம்பளைங்க மாருல அடிச்சிக்கிட்டாங்க, ரெண்டு பேரு மயக்கம் போட்டுட்டாங்க. முனிரத்தினம் ராஜாவா நின்னுக்கிட்டு, அவனும் அழுதான். நான் பாத்தன். ராஜா அழக் கூடாது அந்த எடத்துல, ஆனா அழுதான். அதனாலதான் சொல்றன், அவன் கெட்டவன் இல்ல. நாட்டாமக்காரரு பட்டுத் துண்ட எடுத்து என் தோள்ல போத்தி, "இனிமே ஒரு பய இப்டி அழ முடியாதுடா"ன்னாரு. புனல் ரேடியோ கட்டியிருந்தாங்க, ஊரு முழுக்க கேட்டுச்சி. எங்க ஊட்டு வரைக்கும் கேட்டுச்சி.

விடிஞ்சி ஊட்டுக்குப் போனன். பாதி வேஷம் கலையல. வாசல்ல அவ உக்காந்திருந்தா. துண்டக் காட்டணும்னு கூட எனக்குத் தோணுச்சி, பாரேன். அவ எழுந்திருக்கல. என் மூஞ்சியப் பாத்தா, மை கரைஞ்சி கழுத்து வரைக்கும் வந்திருந்துச்சி. மெதுவா, ரொம்ப மெதுவா, கொரல எறக்கிக் கேட்டா.

"நேத்து யாருக்கு அழுதீங்க?"

நான் பதில் சொல்ல வாயத் தொறந்தன். வரல. யோசிச்சிப் பாத்தன், எனக்கே தெரியல. மரகதவல்லி பொண்ணுக்கா, கோமளாவுக்கா, சபைக்கா? "போய் தண்ணி கொண்டாடி, மூஞ்சி கழுவணும்"னன். கொண்டாந்து வச்சா. அதோட சரி. அன்னிக்குல இருந்து இன்னிக்கு வரைக்கும் என்கிட்ட ஒரு வார்த்த பேசல தம்பி. சோறு போடறா, துணி தொவைக்கறா, காலு ஒடைஞ்சி கெடந்தப்ப மூணு மாசம் எல்லாம் அள்ளிக் கொட்டனா. பேச்சி இல்ல.

அது போவட்டும். பத்து நாளு கழிச்சி வந்தவாசி பக்கம் ஆட்டம். பல்லக்கு வருது, தெரைய வெலக்கறன், மடியில போடறன். வாயத் தொறந்தா அந்தக் கேள்வி வந்து நிக்குது தொண்டையில. யாருக்கு? யாருக்குன்னு தெரியாம எப்டி அழுவறது? சபை காத்திருக்கு. மொத தபா என் கண்ணுல தண்ணி வரல. சும்மா குரல இழுத்தன். பொம்பளைங்க பாய சுருட்ட ஆரம்பிச்சிட்டாங்க. அதுக்கப்பறம் எத்தினி ஊரு, எத்தினி தபா பாத்தன். வரல. நடையாவது சரியா இருக்கான்னு அவளப் பாத்துத் திருத்திக்கலாம்னா, அவ நடையும் மாறிப் போச்சி. காலத் தேய்ச்சித் தேய்ச்சி நடக்கறா. யார் மாதிரியும் இல்ல அது. வேஷத்த வேற ஆளுக்குக் குடுத்துட்டன். முனிரத்தினம் ஜமாவ எடுத்து நடத்தறான். வருசம் திரும்பறதுக்குள்ள வேற கல்யாணமும் பண்ணிக்கிட்டான். நான்தான் முன்ன நின்னு நடத்தி வச்சன். பின்ன? அவனுக்கு யாரு இருக்காங்க?

ஒரு கேள்வி கேட்டு தொழிலக் கெடுத்துட்டா. என் வயித்தெரிச்சல் அதான்.

இன்னொண்ணு கேளு. இத்தினி வருசம் என்கிட்ட ஊமையா இருந்தவ, போன வாரம் தனியா பஸ்சு ஏறி முனிரத்தினம் ஊட்டுக்குப் போயிருக்கா! எனக்குத் தெரியாது, அவன்தான் போன் பண்ணி கத்தறான், "மாமா, அத்தைய கட்டி வைங்க"ன்னு. அங்க போய் அவனோட ரெண்டாவது சம்சாரம் சரசு இருக்கே, அதுகிட்ட ஒக்காந்து பேசனாளாம். பேசனாளாம் தம்பி! "பொண்ணக் குடுக்காதம்மா, உன் கால்ல உழறன்"னாளாம். அந்த சரசு ஒண்ணியும் சொல்லாம ரவிக்கைக் கையத் தூக்கி இவளுக்கு என்னமோ காட்டுச்சாம். ரெண்டு பேரும் கட்டிப் புடிச்சிக்கிட்டு ஒக்காந்திருந்தாங்களாம். அடுப்படியில வேல செய்யற பொம்பளைக்குக் கையில நாலு சூடு இல்லாமயா இருக்கும்? அப்பறம் சரசு, "எனக்குத் தெரியும்க்கா. தெரிஞ்சி இன்னா பண்றது"ன்னு சொல்லி, இவள பஸ்சு ஏத்தி அனுப்பிடுச்சாம். ஊட்டுக்கு வந்தவ என்கிட்ட மறுபடி வாயத் தொறக்கல. சொவத்தப் பாத்து படுத்துட்டா. மூணு நாளா எழுந்து அடுப்பு பத்த வைக்கல.

எதுக்கு இதெல்லாம்னு கேக்கறியா? சரசு வயித்துப் பொண்ணுக்கு இன்னிக்கு நிச்சயம். அங்கதான் போறன். மாப்ள நான் பாத்து சொன்னதுதான். இப்ப ஜமாவுல ராஜா வேஷம் கட்ற பையன். முனிரத்தினத்துக்கு வயசாயிடுச்சி, அடுத்த ஆளு வேணுமே. என்னா ஆகிருதி! என்னா குரலு! கொஞ்சம் முன்கோவி, குடியும் லேசா உண்டு, ஆனா சபையில நின்னா சிங்கம். அவன வேற ஜமாவுக்கு வுட்டுடக் கூடாதுன்னு முனிரத்தினத்துக்கு ஒரே கவல. நான்தான் சொன்னன், ஊட்லியே பொண்ண வச்சிக்கிட்டு ஏன்பா கவலப்படறன்னு. "மாமா, நீங்கதான் தட்டு மாத்தித் தரணும்"னுட்டான். பெரியவங்கன்னு இன்னும் ஒரு மரியாத வச்சிருக்கான்.

போன மாசம் போனப்ப அந்தப் பொண்ணு எனக்கு மோர் கொண்டாந்து குடுத்துச்சி. பதினெட்டு நெரம்பல இன்னும். அப்பன் அந்தாண்ட போனதும் மெள்ள கேக்குது, "தாத்தா, அவருக்கு ரொம்பக் கோவம் வருமாமே?"ன்னு. நான் சொன்னன், "ராஜா வேஷம் கட்றவனுக்குக் கோவம் வரணும்மா. வராட்டி அவன் தலையில கிரீடம் நிக்காது"ன்னு.

சொம்ப வாங்கிக்கிச்சி. எதுத்து ஒரு வார்த்த பேசல தம்பி. நல்ல பொண்ணு.